தண்ணீர்க் காவலுக்கு இரண்டு பேர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. கசாக்கு நாட்டில், கரத்தால் என்கிற ஆற்றின் கரையில், எங்கள் கொரியாக்காரக் குடும்பங்கள் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் போடுகிற வயல்களில், இருபத்திரண்டு வருஷமாக நான்தான் சமையல்காரி. பெயர் ரிம்மா. நான் சாப்பாட்டுக்குக் குரல் கொடுத்தால் அக்கரையில் மேய்கிற கசாக்குக்காரர்களின் குதிரைகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று வெனேரா கேலி செய்வாள். அப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் ஒரு தப்பான ஆளைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

வெனேரா நோகைதான் எங்கள் வயல் கூட்டத்துக்குத் தலைவி. பதினோரு குடும்பம், பதினாலு ஹெக்டேர். எந்தப் பாத்தியை எப்போது பிடுங்கணும், எந்த லாரி எப்போது வரும், யாருக்கும் யாருக்கும் ஆகாது, யாரைப் பக்கத்துப் பக்கத்து வரிசையில் உட்கார வைக்கக் கூடாது, எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். புருஷன் வாலெரி டிராக்டர் ஓட்டுகிறவன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவான், அதில் மூன்று டிராக்டரிடம். ஒரே பிள்ளை யானா. பதிமூன்று வயது. சபையில் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பாடினாலும் இவள் குரல் தனியாகக் கேட்கும். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று வெனேராவும் வாலெரியும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் பாடினால் நாய் எழுந்து போய்விடும்.

செப்டம்பர் மாதம் நடந்தது இது. காலையில் பல் கிட்டுகிற குளிர், பதினொரு மணிக்கெல்லாம் முதுகைப் பொசுக்குகிற வெயில். பிடுங்கிப் போட்ட வெங்காயம் வரிசை வரிசையாகக் காய்ந்து கிடக்கும். செம்மறிக்கு மயிர் கத்தரிக்கிற கத்தரியால் தாளை நறுக்கி, மண்ணைத் தட்டி, சிவப்பு வலைப்பையில் போட வேண்டும். அந்த வருஷம் பால்காஷ் ஏரிப் பக்கமிருந்து தினமும் மேகம் ஏறிக்கொண்டே இருந்தது. மழை ஒரு நாள் இறங்கினால் ஆறு மாத உழைப்பும் அழுகிப்போகும். அதனால் ஆளாளுக்குப் பறந்துகொண்டிருந்தோம். சாப்பிடக்கூட நின்றபடிதான் சாப்பிட்டார்கள். குளிர்ந்த குழம்பில் நூடுல்ஸைப் போட்டு நான் குக்ஸி செய்து கொடுத்தால், கிண்ணத்தை வாயில் வைத்து ஒரே மூச்சில் இறக்கிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொள்வார்கள். ருசி எப்படி என்று ஒருத்தனும் சொன்னதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எங்கள் சபை பெரிய சபை இல்லை. பழைய கூட்டுப்பண்ணை நூலகம்தான் கோயில். அதற்குப் பின்னால் இரண்டு அறை, போதகர் குடியிருக்க. மூன்று வருஷம் போதகரே இல்லாமல் கிடந்தோம். அப்புறம்தான் ஆர்தூர் ஷெகை வந்தார். கரகந்தாப் பக்கம் ஒரு சபையிலிருந்து மாறி வந்தவர். முப்பத்தைந்து வயது, எங்கள் ஆள்தான். கிதார் வாசிப்பார், பம்புசெட் பழுது பார்ப்பார், கிழவிகளின் போனில் படம் பெரிதாக்கிக் கொடுப்பார். என் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, "ரிம்மா அக்கா, இது வேற கை" என்று சொன்ன ஒரே ஆம்பிளை. நான் விழாமல் என்ன செய்வேன். ஊர் முழுக்க அவர் புகழ் பாடினேன்.

சனிக்கிழமை வயலில் பெகோத்யா அவிப்போம். முட்டைக்கோசும் இறைச்சியும் வைத்து ஆவியில் வேகவைக்கிற மாவுக் கொழுக்கட்டை. உள்ளங்கை அளவு பெரிசாக இருக்கும். ஆவிச்சட்டியில் நாலு தட்டு. முதல் தட்டு போதகர் வீட்டுக்குப் போகும். அதில் கை வைக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. எந்த வீட்டுப் பிள்ளை அதைக் கொண்டுபோகிறதோ அந்த வீட்டுக்கு அன்றைக்குத் தலை நிமிர்ந்திருக்கும். முன்னெல்லாம் முறை வைத்து அனுப்புவோம். ஆர்தூர் வந்த மறுவருஷம் அவரே சொன்னார், யானாவை அனுப்புங்கள், வந்த கையோடு பாட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறேன் என்று. வெனேராவுக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற அம்மாக்களுக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்று நான்தான் சொன்னேன்.

ஆகஸ்டு கடைசியில் யானா போகமாட்டேன் என்றாள். வயிற்றுவலி. அடுத்த சனிக்கிழமை தலைவலி. அதற்கடுத்த வாரம் சைக்கிள் பஞ்சர். வாலெரி பார்த்துவிட்டுக் காற்றடித்துக் கொடுத்தான். டயரில் ஆணி இல்லை, யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டது போலத்தான் இருக்கிறது என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவன் பேசுகிற நாலு வார்த்தையில் அது ஒன்று, அதையாவது கேட்டிருக்கலாம். வெனேரா பிள்ளையைப் பிடித்து நன்றாகத் திட்டினாள். ஊரே ஆசைப்படுகிற இடத்துக்குப் போக உனக்கு என்ன கொழுப்பு, போதகர் ஐயா என்ன நினைப்பார், என் மானத்தை வாங்குகிறாயா என்று. யானா போனாள். போய்விட்டு வந்து ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நடந்தது இது. வெங்காயத்தோடு வேலை என்றால் கண்ணில் தண்ணீர் கொட்டும் என்று பட்டணத்துக்காரர்கள் நினைப்பார்கள். எங்களுக்குக் கொட்டாது. ஆறு வயதிலிருந்து இந்த வயலில் கிடக்கிற கண்கள். காய்ந்த தாளை நறுக்கினால் எங்களுக்கு மூக்குகூட அரிக்காது. லாரியோடு வருகிற டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பான், நாங்கள் சிரிப்போம். அன்றைக்கு டீ எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனவள், யானா கன்னத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன். கத்தரி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் அழுகிற கோணலே இல்லை. தண்ணீர் மட்டும் ஓடியது. என்னடி, டிரைவர் பிள்ளையாகிவிட்டாயா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். எப்படியோ அன்றைக்கு மட்டும் வாய் அடங்கிவிட்டது. டீயை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டேன்.

பத்துப் பதினைந்து வெங்காயம் போயிருக்கும். அவளே பேசினாள்.

"ரிம்மா அத்தை, நாளைக்கு நீங்களும் என்கூட வருவீங்களா? பெகோத்யா கொண்டுபோக."

"வாரேன். அதுக்கென்ன."

"வாசல்ல நிக்கக் கூடாது. உள்ள வரணும். நான் கிளம்புற வரைக்கும் உள்ளேயே இருக்கணும்."

எனக்குக் கை நின்றுவிட்டது. நாற்பத்தொன்பது வயதுக்காரிக்கு அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும். சரி என்று மட்டும் சொன்னேன். என்ன நடந்தது, எப்போது, எங்கே என்று துருவவில்லை. "நீ எப்பச் சொல்லணும்னு நினைக்கிறியோ அப்பச் சொல்லு, நான் கேக்குறேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சனிக்கிழமை அவளைத் தட்டுப் பக்கம் வரவே விடாமல் நான் மட்டும் போயிருக்க வேண்டும். எனக்கு அப்போது அவ்வளவு புத்தி வரவில்லை, கண்ணால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு பேரும் போனோம். கதவைத் தட்டியதும் சிரித்த முகத்தோடு திறந்தார். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு அப்புறம் மறுபடி புறப்பட்டது. மேஜையில் இரண்டு கோப்பை இருந்தது. ஜன்னல் திரை பட்டப்பகலில் இழுத்து மூடியிருந்தது. ரிம்மா அக்காவுக்கு வயலில் எவ்வளவு வேலை, நீங்கள் ஏன் அலைகிறீர்கள், பிள்ளை தனியாகவே வந்துவிடுவாளே என்றார். எனக்கு அலைச்சலே இல்லை ஐயா என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். யானாவை என் வலதுபக்கம் உட்கார வைத்தேன். பாட்டு வகுப்பை நடத்துங்கள், நானும் கேட்கிறேன் என்றேன். இன்றைக்குத் தொண்டை சரியில்லை என்றார். ஐயோ பாவம், அப்படியானால் இறைச்சி ஆகாதே என்று சொல்லிவிட்டு, அவருக்குக் கொண்டுபோன பெகோத்யா ஆறையும் அங்கேயே உட்கார்ந்து நான் தின்றேன். கடைசி ஒன்று இறங்கவில்லை, ஆனாலும் விடவில்லை. வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது யானாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையானது. அப்புறம் ஆற்றங்கரை மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

பாட்டு வகுப்பு என்று ஆரம்பித்திருக்கிறது. உன் குரலுக்கென்று தனியாக ஜெபிக்கணும் என்று கதவைத் தாழ் போட்டிருக்கிறார். தலையில் வைத்த கை கழுத்துக்கு இறங்கி அங்கேயே நின்றிருக்கிறது. போனில் தினமும் செய்தி. உன்னைப் போல என்னைப் புரிந்துகொண்டவர்கள் இல்லை, அம்மாவிடம் சொல்லாதே, அவர்களுக்குப் பொறாமை வரும், படித்ததும் அழித்துவிடு. போன வாரம் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்திருக்கிறார். வெளியே அம்மா கூப்பிடுகிறாள் என்று பொய் சொல்லிப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். எந்த அம்மா கூப்பிடுகிறாள் என்று சொன்னாளோ, அந்த அம்மாதான் அன்றைக்குத் திட்டி அனுப்பியவள்.

"அழிச்சிடுன்னு சொன்னாரு அத்தை. எனக்கு அழிக்கத் தோணல" என்றாள். எல்லாச் செய்தியும் போனில் அப்படியே இருந்தது.

அன்றைக்கே வெனேராவையும் வாலெரியையும் உட்கார வைத்தோம். வெனேரா போனை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் வெளுத்ததை என்னால் பார்க்க முடியவில்லை, எழுந்துபோய் இல்லாத பாத்திரத்தைக் கழுவினேன். நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாம்மா என்று பிள்ளை கேட்டது காதில் விழுந்தது.

"நீ ஒண்ணுமே பண்ணல. தப்புப் பண்ணினது அந்தாளு. தட்டைக் கையில கொடுத்து உன்னை விரட்டி அனுப்பினது நான். நீ மூணு வாரமா சொல்லியிருக்க, எனக்குத்தான் கேக்கல. என்னை மன்னிச்சிக்கம்மா" என்றாள் வெனேரா.

எங்கள் ஆட்களில் பெரியவர்கள் சிறியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கமே கிடையாது. யானா அம்மாவை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வாலெரி எழுந்து வெளியே போனான். திரும்பி வரும்போது கையில் வாய்க்கால் வெட்டுகிற மண்வெட்டி. வெனேரா வாசலில் குறுக்கே நின்றாள். "நீ அவனை அடிச்சா நீ உள்ள போவ, அவன் வெளியே நிப்பான். ஊரு அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும். வைய்யி அதை" என்றாள். வைத்தான். அப்புறம் அந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டுபோய், அவசியமே இல்லாத ஒரு வாய்க்காலை நாற்பது அடிக்கு வெட்டிவிட்டு வந்தான். பின்னால் அந்த வாய்க்கால் எங்கள் ஆவிச்சட்டி கழுவுகிற தண்ணீர் ஓட வசதியாகப் போயிற்று.

நகரத்துப் போலீஸில் பிள்ளைகள் விவகாரம் பார்க்கிறவள் ஸாவ்ரே. கசாக்குக்காரி, என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள், கணக்கில் என்னைப் பார்த்து எழுதிப் பெயிலானவள். அவளுக்குப் போன் போட்டேன். அவள் நாலு விஷயம் சொன்னாள். பிள்ளையை ஆளாளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், அதற்கென்று பழகிய ஒரு பெண் ஒரே தடவை கேட்பாள். போனைப் பத்திரமாக வையுங்கள். அந்த ஆளிடம் போய் மோதாதீர்கள், உஷாராகிவிடுவான். திங்கட்கிழமை காலை வரக் காத்திருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையே வாருங்கள், நான் இருக்கிறேன் என்றாள்.

போவதற்கு முன்னால் மூப்பருக்குச் சொல்லாமல் போவது முறையில்லை என்று வெனேரா நினைத்தாள். வேண்டாம் என்று நான் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் நாளைக் காலையில் அந்த ஆளிடம்தானே பாட்டுக்குப் போகும், அதை நிறுத்த மூப்பர் ஒருத்தரால்தான் முடியும் என்றாள். அது நியாயம்தான். மூன்று பேரும் போனோம். யானாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டோம்.

மூப்பர் அஃபனாசி ஹான். எழுபத்தொரு வயது. சபைக்கு அவர்தான் முதல், வயலுக்கும் அவர்தான் முதல். நாற்பது வருஷமாக வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுகிறவர். அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் வந்து நான் கேட்டதில்லை. வெனேரா சொல்லி முடிக்கிற வரைக்கும் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். போனைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். அசிங்கம், பெரிய அசிங்கம் என்றார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார். போலீஸ் என்று போனால் சபையின் பெயர் கெடும். ஏற்கெனவே பதிவுத் தாளைக் காட்டு என்று அதிகாரிகள் வருஷாவருஷம் வருகிறார்கள். பிள்ளையின் பெயரும் வெளியே வரும். அறுவடை முடியட்டும். மேலிடத்துக்கு நானே எழுதுகிறேன், கமுக்கமாக அவரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

"மாத்தி நடுறதுக்கு அவர் என்ன வெங்காய நாத்தா அண்ணாச்சி?" என்றாள் வெனேரா. "இங்க பிடுங்கினா அங்க வேர் பிடிப்பார். அங்கயும் ஒரு யானா இருப்பா."

நீ கோபத்தில் பேசுகிறாய் என்றார். சரி, போலீஸை விடுங்கள், இனிமேல் பிள்ளைகளோடு அவர் இருக்கும்போது கூட ஒரு ஆள் இருக்கட்டும் என்றாவது இன்றைக்கே உத்தரவு போடுங்கள் என்று நான் கேட்டேன். அதற்கும் அவருக்கு மனசு வரவில்லை. தேவ ஊழியக்காரரை ஆள் போட்டுக் காவல் காப்பதா, உலகத்தில் எந்தச் சபையில் நடக்கும், அது அவரை மட்டும் இல்லை, இனி வரப்போகிற நல்ல போதகரையும் அவமானப்படுத்துகிற காரியம் என்றார்.

வெனேரா போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"அண்ணாச்சி, மதகுக்கிட்ட தண்ணிக் காவலுக்கு எத்தனை பேரைப் போடுவீங்க?"

"ரெண்டு பேரை. அது உனக்குத் தெரியாதா?"

"ஒரே வீட்டு ஆளுங்க ரெண்டு பேரைப் போடுவீங்களா?"

"போடமாட்டேன். வெவ்வேற வீடு."

"ஏன்?"

"தனி ஆளா விட்டா தண்ணி அவன் வயலுக்குத் திரும்பும். எவ்வளவு நல்லவனா இருந்தாலும் திரும்பும். அதான்."

"எங்கப்பாவை முப்பது வருஷம் வேத்து ஆளோடதான் மதகுல உக்கார வெச்சீங்க. எங்கப்பா திருடரா அண்ணாச்சி?"

"யாரு சொன்னா? தங்கமான மனுஷன்."

"அவருக்கு அது அவமானமா இருந்துச்சா?"

மூப்பர் கையில் தொப்பி சுற்றுவது நின்றது. எங்கள் ஊரில் தண்ணீர்க் காவலுக்கு ஜோடி போடுவதை யாரும் சந்தேகம் என்று நினைத்ததே இல்லை. மூப்பரே தன் முறை வரும்போது, தன்னோடு பத்து வருஷம் பேசாதவனோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் போட்ட சட்டம்தான் அது. வெங்காயத்துக்குப் பாய்கிற தண்ணீருக்கு ரெண்டு வீட்டு ஆள் காவல் போட்டுவிட்டு, பிள்ளைகளைத் தாழ் போட்ட அறைக்குள் ஒத்தை ஆளிடம் அனுப்பியிருக்கிறோம். எனக்கே அப்போதுதான் உறைத்தது.

மூப்பர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். ஆர்தூரைப் பற்றிப் பழைய சபை எழுதிக் கொடுத்த நற்சான்று. நான் இதைப் படித்தேன், சந்தோஷப்பட்டேன், ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை என்றார். அதிலிருந்த எண்ணை இப்போது போட்டார். அவருக்குக் காது மந்தம் என்பதால் எங்களுக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். ஒரு வயசான அம்மாள் எடுத்தாள். அங்கே இருக்கும்போது ஆர்தூர் பிள்ளைகள் விஷயத்தில் எப்படி என்று இவர் கேட்டார். பதிலுக்கு அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்கேயுமா?"

இடம் மாறினால் திருந்திவிடுவார் என்று நினைத்தோம் என்று அவள் அழுதாள். மூப்பர் போனை வைத்தார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "வாலெரி, காலைல ஏழு மணிக்கு வண்டியை எடு. நானும் வாரேன்" என்றார். பிள்ளைகளுக்கு நாளைக்குப் பாட்டு வகுப்பு இல்லை என்று வீடுவீடாகப் போய் அவரே சொன்னார். ஏன் என்று கேட்டவர்களிடம், நான் சொல்கிறேன் அல்லவா என்றார். அந்த அதட்டல் வாழ்க்கையில் ஒரு தடவை நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

மற்றதெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. ஸாவ்ரே சொன்னபடியே ஒரு பெண், பொம்மை கிம்மை எல்லாம் இருக்கிற ஒரு அறையில், ஒரே தடவை யானாவிடம் பேசினாள். வெனேரா பக்கத்திலேயே இருந்தாள். ஆர்தூரை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். பழைய ஊரிலிருந்து இரண்டு குடும்பங்கள் வாயைத் திறந்தன. வழக்கு இன்னும் நடக்கிறது. என்ன தீர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தால் எல்லோருக்கும் முதலில் நான்தான் சொல்வேன்.

ஊர் சும்மா இருக்குமா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூப்பர் சபையைக் கூட்டி நடந்ததைச் சொன்னார். பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் ஊரில் எது ஒளியும். கழுத்தில் கை வைத்ததற்கா போலீஸ் என்று ஒருத்தி கேட்டாள். அறுவடை நேரத்தில் இது தேவையா என்று ஒருத்தன். நல்ல மனுஷனை வாயாடிகள் சேர்ந்து கெடுத்துவிட்டார்கள் என்று இன்னொருத்தி என்னைப் பார்த்தே சொன்னாள். அவளுக்கு நான் சொன்ன பதிலைக் கோயிலுக்குள் சொல்லியிருக்கக் கூடாது. மூப்பர் கையை உயர்த்தினார். அந்த ஆளைக் கூட்டிவந்தது நான், விசாரிக்காமல் விட்டது நான், நேற்று மூடி மறைக்கப் பார்த்ததும் நான்தான், யாரையாவது ஏசவேண்டுமானால் என்னை ஏசுங்கள் என்றார். யாரும் ஏசவில்லை. ஆனால் மூன்று குடும்பங்கள் திங்கட்கிழமை வயலுக்கு வரவில்லை.

மேகம் வேறு நெருங்கிவிட்டது. எட்டுக் குடும்பம் பதினோரு குடும்பத்து வேலையைச் செய்தோம். அடுப்பை அணைத்துவிட்டு நானும் கத்தரி பிடித்தேன். மூப்பர், எழுபத்தொரு வயதில், வலைப்பையை முதுகில் ஏற்றினார். ஸாவ்ரே வேலை முடிந்து யூனிஃபார்மோடு வந்து ஒரு வரிசையில் உட்கார்ந்து, ஐந்தே நிமிஷத்தில் கண்ணெல்லாம் சிவந்து மூக்கைச் சிந்திக்கொண்டு, என்னை அழவைத்த குற்றவாளி யார் என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தாள். வியாழக்கிழமை அந்த மூன்று குடும்பத்தில் இரண்டு வந்து எதுவும் பேசாமல் வரிசையில் உட்கார்ந்தது. நானும் எதுவும் பேசாமல் இரண்டு கிண்ணம் கூடுதலாக ஊற்றினேன். வெள்ளிக்கிழமை மாலை கடைசி லாரி சாலை ஏறியதும் மழை பிடித்தது. வெனேரா மழையிலேயே நின்றாள். வாலெரி அவளைக் கூரைக்குக் கீழே இழுத்துவந்து, "நனையாத" என்றான். அன்றைக்கு டிராக்டருக்குப் போக மீந்த நாலாவது வார்த்தை அது.

யானா மட்டும் கோயில் பக்கம் வரவில்லை. வயலில் சிரிப்பாள், பேசுவாள், என்னை வம்புக்கு இழுப்பாள். பாடமாட்டாள். என்னால்தான் சபைக்குப் போதகர் இல்லாமல் போயிற்று என்று எல்லாரும் நினைக்கிறாங்க அத்தை என்று ஒரு நாள் சொன்னாள். நான் மறுத்துச் சொன்னது அவள் மனசில் ஏறவில்லை. வெனேராவும் வற்புறுத்தவில்லை. இனிமேல் எங்கேயும் போ என்று பிள்ளையை விரட்டமாட்டேன் என்று அவள் சபதம் போட்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

நவம்பர் முதல் ஞாயிறு. போதகர் இல்லாததால் மூப்பரே ஆராதனை நடத்தினார். பாவம், அவர் வேதம் வாசித்தால் தண்ணீர் முறை அறிவிப்பது போலவே இருக்கும். நடுவில் வாசல் கதவு திறந்தது. யானா உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வெனேரா என் தொடையைக் கிள்ளியதில் எனக்கு உயிர் போய்விட்டது. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எல்லாரும் கஷ்டப்பட்டு முன்னாலேயே பார்த்தோம்.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் புதிய சட்டங்களைச் சுவரில் ஒட்டினார். ஸாவ்ரேயும் வெனேராவும் சேர்ந்து எழுதிக்கொடுத்தது. பிள்ளைகளோடு யாரும் தனியாக இருக்கக் கூடாது, வெவ்வேறு வீட்டுக்காரர் இரண்டு பேர் எப்போதும். பிள்ளைகள் அறைக் கதவில் தாழ் கிடையாது. வாலெரி ஏற்கெனவே அந்தக் கதவின் நடுவை அறுத்துக் கண்ணாடி போட்டிருந்தான். பிள்ளைகளுக்குப் பெரியவர் யாரும் ரகசியச் செய்தி அனுப்பக் கூடாது. புதிதாக வருகிற ஊழியக்காரரைப் பற்றிப் பழைய ஊரில் நேரில் போய் விசாரிக்க வேண்டும். பிள்ளை சொன்னால் நம்ப வேண்டும், அன்றைக்கே போலீஸில் சொல்ல வேண்டும். கீழே பெரிய எழுத்தில் ஸாவ்ரேயின் போன் எண். மூப்பர் தன் உயரத்துக்குச் சரியாக ஒட்டிவிட்டு, ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்து, யாருக்காவது ஏதாவது கேட்கணுமா என்றார். எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் இல்லை என்று தலையாட்டுவதுதான் வழக்கம்.

முன்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. பக்கத்து வீட்டு லேரா. ஏழு வயது, முன்பல் இரண்டும் கிடையாது.

"நீங்களே செஞ்சா, தாத்தா?"

அவள் அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்தாள். மூப்பரைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி நாற்பது வருஷத்தில் எவனும் கேட்டதில்லை. அவர் முகம் ஒரு தடவை சிவந்தது. அப்புறம் அந்தப் பிள்ளை பக்கம் குனிந்தார்.

"நான் செஞ்சாலும் இந்த நம்பருக்குத்தான். அப்புறம் நேரா வெனேராகிட்டப் போய்ச் சொல்லு. அவ என்னைச் சும்மா விடமாட்டா."

வெனேரா விடமாட்டேன் என்று தலையாட்டினாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு அடங்குகிறபோதுதான் பின்னால் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. யானா எழுந்து நின்றாள்.

"அந்தக் காகிதம் ரொம்ப மேல இருக்கு தாத்தா. சின்னப் பிள்ளைங்களால படிக்க முடியாது. இறக்கி ஒட்டுங்க."

குரல் முதலில் கொஞ்சம் உடைந்து, அப்புறம் தெளிவாக வந்தது. மூப்பர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். திரும்பி, கிழியாமல் அந்தக் காகிதத்தை ஓரம் ஓரமாக உரித்தார். லேராவை அதன் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும், தரையில் முழங்கால் போட்டார்.

"இங்கயாம்மா?" என்றார் யானாவிடம்.

"இன்னும் கொஞ்சம் கீழ."

"இங்க?"

"ஆங், அங்கதான். அங்க ஒட்டுங்க."